அட்டையில் சாமி எங்கே?

(பொன்விழா மலரின் அட்டைப் படம் பங்கு மண்டபத்தில் பார்வைக்கு வைக்கப்பட்ட மாலையில் நம் பங்குத் தந்தை ஆற்றிய உரை. மலர்க் குழுவின் விருப்பப்படி இங்கே அச்சிடப்படுகிறது.)



சென்ற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு காணிக்கைப் பெட்டியில் ஒரு கடிதம் கிடந்தது. கையெழுத்து இல்லை. கையெழுத்தில்லாத கடிதத்தை நான் வழக்கமாகப் படிப்பதில்லை. ஆனால் இது நாலே வரி. மடிப்பைப் பிரித்ததுமே படித்து முடிந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு ஒரு முறை போடுகிற மலரின் அட்டையில் மாதா படம் இல்லாமல், கோவில் படம் இல்லாமல், கறுப்பில் கீறல் கீறலாக எதையோ போட்டிருக்கிறீர்களே, அட்டையில் சாமி எங்கே என்று கேட்டிருந்தது. எழுதியவர் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் பயப்பட வேண்டாம். கேள்வி நியாயமானது.

அறிவிப்புப் பலகையில் ஒரு பிரதியைக் குத்தி வைத்த நாளிலிருந்து வேறு பல அபிப்பிராயங்களும் என் காதில் விழுந்தன. மழை பெய்கிற மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். கவாத்து வெட்டின மலை மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். பூனை பிறாண்டினது என்று பீடச் சிறுவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். படத்தைச் செய்தவன் நான். ஆகவே பதில் சொல்லும் கடமையும் எனக்கே. மாதா படம் உள்ளே இரண்டாம் பக்கத்தில் வண்ணத்தில் வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதிப் பேருக்கு இதிலேயே கோபம் தணிந்திருக்கும்.

மலர்க் குழு கூடியபோது, அட்டைக்கு நீங்களே ஏதாவது செய்து கொடுங்கள் ஃபாதர் என்றார்கள். காரணம் உண்டு. குருமடத்தில் படித்த நாளில் எங்களுக்கு வகுப்பு எடுத்த ஒரு சகோதரர் லினோலியத்தில் படம் வெட்டி அச்செடுக்கக் கற்றுக் கொடுத்தார். வருஷா வருஷம் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டைகளை நான் அப்படித்தான் செய்கிறேன். அதை வைத்து என்னை ஓவியன் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். நட்சத்திரமும் மாட்டுத் தொழுவமும் வெட்டுகிறவன் ஓவியனாகிவிட மாட்டான் என்பது வேலையைத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

எனக்கு ஓர் ஆசை இருந்தது. 1974-ல் இங்கே தகரக் கொட்டகை போட்டுப் பூசை வைத்த அந்த முதல் குடும்பங்களை அட்டையில் கொண்டுவர வேண்டும் என்று. உங்களில் இளையவர்களுக்காக இதைச் சொல்கிறேன். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவாயிற்று. அப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968-ல் இந்த மலையில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. பிறகு அதுதான் டான்டீ ஆயிற்று. தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு லாரியில் இந்தக் குளிருக்கு வந்து சேர்ந்தவர்கள் உங்கள் தாத்தா பாட்டிமார். இங்குள்ளவர்கள் அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள். அங்கே இருந்தபோது இந்தியாக்காரர் என்றார்களாம்.

சரி, அவர்களுடைய படம் வேண்டுமே! பங்கு இல்லத்து ஆல்பங்களை எல்லாம் இறக்கிப் பார்த்தேன். ஆயர் வந்த படம் இருக்கிறது. எனக்கு முன்னிருந்த சுவாமியார்கள் மாலையோடு நிற்கும் படம் இருக்கிறது. கல் சுமந்தவர், தகரம் சுமந்தவர் ஒருவர் படம்கூட இல்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டேன். சில வீடுகளில் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டினார்கள். கப்பல் ஏறுமுன் பாஸ்போர்ட்டுக்காகக் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுத்தது. அதில் யாரும் சிரிக்கவில்லை. திருட்டு வழக்கில் பிடிபட்டவர்களைப் போல நிற்கிறார்கள். அதையா அட்டையில் போடுவது?

நானே வரைந்து பார்த்தேன். கூடையோடு ஒரு பெண் வரைந்தேன். தேயிலை விளம்பரத்துப் பெண் வந்து நின்றாள். கல் சுமக்கும் ஆள் வரைந்தேன். நாட்காட்டியில் வருகிற கதாநாயகன் போல் புஜம் திரண்டு விட்டது. அந்த நாளில் ரேஷன் அரிசியைத் தின்று குளிரில் நடுங்கிக் கொண்டிருந்தவனுக்கு ஏது அந்தப் புஜம்? கையில் முகம் இல்லாதபோது நான் ஒரு முகத்தைக் கற்பனை பண்ணினால், அவர் பேரன் பார்த்துவிட்டு, இது எங்கள் தாத்தா இல்லையே என்பான். அவன் சொல்வதுதான் உண்மை. இப்படி மூன்று தகடு வீணாயிற்று. குழுச் செயலாளர் ஒவ்வொரு வாரமும், ஆயிற்றா ஃபாதர் என்று கேட்பார். நான் ஒவ்வொரு வாரமும் தலைவலி என்பேன்.

ஒரு நாள் சக்ரீஸ்தில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிக்கொண்டிருந்தபோது, பீரோவின் பின்பக்கம் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் விழுந்து கிடந்தது. கோடு போட்ட நோட்டு, பூச்சி அரித்தது. நம் முதல் உபதேசியாரின் கணக்கு. கொட்டகைக்குக் காணிக்கை வாங்கிய கணக்கு என்று மேலே எழுதியிருக்கிறது. கீழே பெயர்களே இல்லை. நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒரு கோடு. நாலு நேர்க்கோடு, குறுக்கே ஒரு கோடு. பக்கம் முழுக்க இதுதான். பக்கத்தில், ஆளுக்கு ஒரு பேர் என்று மட்டும் எழுதியிருக்கிறது.

வெளியூரிலிருந்து வந்திருக்கிற விருந்தினர்களுக்கு இது விளங்காது. தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, வேலைக்குப் போய், சொன்ன அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். மத்தியானம் காய்ச்சல் என்று லயத்துக்குத் திரும்பினால் அரைப்பேர். ஆகவே ஆளுக்கு ஒரு பேர் என்றால், ஒவ்வொரு குடும்பமும் ஒரு நாள் கூலியை அப்படியே கொடுத்தது என்று அர்த்தம். அன்றைக்கு அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பதை அந்த நோட்டு சொல்லவில்லை. கோடு மட்டும் போட்டிருக்கிறது. தங்கள் பேரைக் கொடுத்துவிட்டவர்களுக்கு நோட்டிலும் பேர் இல்லை!

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எதை அட்டையில் போடுவது என்ற கவலை மட்டும் தீர்ந்திருந்தது. கோடுகளைப் போட வேண்டும். முகம் வேண்டாம், கூடை வேண்டாம், தகரக் கொட்டகையும் வேண்டாம். இருட்டான ஒரு சரிவு, அதில் உபதேசியார் போட்ட கோடுகள். ஐந்தைந்தாகக் கட்டின கட்டை மட்டும் அவிழ்த்து, ஒவ்வொன்றையும் தனியாக, நம் தேயிலை வரிசை மலையைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி போக விட்டேன். எண்ணிப் பார்த்தேன். 46.

வெட்டுகிற வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சில தாய்மார்கள், சாமி ராத்திரி ராத்திரி அடுப்படியில் என்னதான் செய்கிறார் என்று சமையற்கார அம்மாவிடம் விசாரித்ததாகக் கேள்வி. லினோலியம் என்பது ஆளிவிதை எண்ணெயையும் தக்கைப் பொடியையும் சேர்த்துச் சணல் துணியின்மேல் படிய வைத்த தகடு. தரைக்கு விரிப்பதற்காக 1860-களில் இங்கிலாந்தில் கண்டுபிடித்தார்கள். சமவெளியில் வெண்ணெய் போல வெட்டுப்படும். நம் ஊர்க் குளிரில் விறைத்துப் போய், உளி வழுக்கி விரலில் பாயும். ஆகையால்தான் தகட்டை அடுப்பின் பக்கத்தில் வைத்துச் சூடு காட்டிச் சூடு காட்டி வெட்டினேன். சோற்றுப் பானைக்கும் எனக்கும் இடத் தகராறு. வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும், வெட்டாத இடம் மையை வாங்கும். எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதுவும் இடம் வலமாகத் திரும்பித்தான் அச்சாகும். இத்தனை வருஷம் வெட்டியும், கீழே 1974 என்று போட நினைத்து நேராகவே வெட்டிவிட்டேன். முதல் பிரதியை உரித்து எடுத்தபோது எண் தலைகீழாக இருந்ததைக் கண்டு பிடித்தவன் மூன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன். அந்தத் தகட்டின் அடிப் பகுதியை அறுத்து எறிந்தேன். படம் ஏன் நீளத்தில் குட்டையாக இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். கலை நுட்பம் ஒன்றும் இல்லை.

பிறகு ரோலரால் மை பூசி, தாளை மேலே விரித்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். ஒரு பிரதிக்குப் பத்து நிமிஷம் ஆகும். மரியாயின் சேனைப் பெண்கள் முறை வைத்துத் தேய்த்துக் கொடுத்தார்கள். வெறும் வெள்ளைத் தாள் கண்ணை உறுத்தியது. நம் பெரியவர்கள் தேத்தண்ணி என்பார்களே, அதைக் கெட்டியாக இறக்கித் தாள்களை அதில் தோய்த்து உலர்த்தினோம். ஆகவே நீங்கள் பார்க்கிற அந்தப் பழுப்பு நிறம், கடையில் வாங்கிய சாயம் இல்லை.

இதெல்லாம் நமக்கு வழக்கமா என்று ஒருவர் கேட்டார். நம் மலையிலேயே பாருங்கள். தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் நூலால் சால்வை தைக்கிறார்களே. துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, இழையை எண்ணி எண்ணியே ஊசி போடுகிறார்கள். கட்டமும் கோடும் முக்கோணமும்தான் வருகிறது. 2013-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையை அடுத்து எழுத்துப்பாறை இருக்கிறது. அங்கே குறும்பர்களின் முன்னோர் பாறையில் தீட்டியதில் மனிதனும் குறிகளும் கலந்தே இருக்கும். நம் வீட்டு வாசலுக்கு வருவோம். புள்ளி வைத்துக் கோலம் போடுகிற பெண்ணிடம், இதில் யார் படம் இருக்கிறது என்று எவராவது கேட்டதுண்டா?

புத்தகம், ஓவியம் என்று பார்த்தாலும் நம் தமிழ்நாட்டில் இது புதிதில்லை. மலையடிவாரத்துக் கோயம்புத்தூரில் 1911-ல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்தவர், 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். அவர் 1963 முதல் ஒரு வரிசைப் படங்கள் தீட்டினார். எழுத்தும் எண்ணும் கட்டமுமாக ஜாதகக் குறிப்பு போல இருக்கும். படிக்கப் போனால் ஒரு சொல்லும் வராது. ஆதிமூலத்தைச் சிலருக்குத் தெரிந்திருக்கும். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு அவர் போட்ட கோட்டுப் படங்களை ஜூனியர் விகடனில் பார்த்திருப்பீர்கள். காந்தி நூற்றாண்டான 1969-ல் காந்தியைக் கோட்டுக் கோட்டாக வரைந்து பெயர் வாங்கியவர். முகத்தை அத்தனை நன்றாக வரையத் தெரிந்த அந்த மனிதர், பிற்காலத்தில் முகமே இல்லாமல் நிறங்களை மட்டும் பரப்பிப் பெரிய பெரிய படங்கள் செய்தார். 2008-ல் இறந்தார். வரையத் தெரியாததால்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் அவரை நினைத்துக்கொள்ளட்டும். என் விஷயத்தில் அவர்கள் சொல்வது பாதி உண்மை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் துணிவு கொடுத்தவர் வேறொருவர். சிலுவை அருளப்பரைப் பற்றி நீங்கள் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். 1577 டிசம்பரில் சொந்தச் சபையாரே அவரைப் பிடித்துத் தொலேதோ நகரில் ஒரு சிறு அறையில் அடைத்தார்கள். ஏறக்குறைய ஒன்பது மாதம். அந்த இருட்டில்தான் அவர் கவிதைகளைக் கட்டினார். 1578 ஆகஸ்டில் தப்பி ஓடினார். அதே 1578 அக்டோபரில்தான் நம் பக்கத்தில், கொல்லத்தில், அண்ட்ரிக் அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கத்தில் அச்சாயிற்று. தமிழ் எழுத்தில், நம் நாட்டு மண்ணில், முதல் அச்சுப் புத்தகம். இரண்டுக்கும் சம்பந்தம் ஒன்றும் இல்லை. ஆண்டு ஒத்து வந்ததால் சொன்னேன்.

அருளப்பர் தப்பி வந்த பிறகு பேயாஸ் என்ற ஊரில் கன்னியருக்கு ஆன்ம குருவாக இருந்தார். அவர்களுக்கு அவர் ஒரு மலைப் படம் வரைந்து கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் கையாலேயே எழுதி, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளக் கொடுத்தாராம். மலைப் படம் என்றால் மரம் இல்லை, பாறை இல்லை, உச்சியில் கோவில் இல்லை. மூன்று வழிக் கோடுகள், சுற்றிலும் எழுத்து. நடுவில் போகிற வழியில், 'ஒன்றுமில்லை' என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். மலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இது என்ன மலை என்றுதான் தோன்றும். எனக்கும் குருமடத்தில் அப்படித்தான் தோன்றியது. பங்குப் பணியில் இத்தனை வருஷம் ஏறி இறங்கின பிறகு, பனி மூடின நாளில் நம் மலையும் அப்படித்தான் இருக்கிறது என்று தெரிகிறது: காலடிக்கு முன்னால் கொஞ்சம் வழி, மற்றபடி ஒன்றும் இல்லை.

அந்த அருளப்பர் கவிதைகளுக்கு 1958-ல் பிரான்சு நாட்டு ஓவியர் அல்ஃபிரட் மனெசியே 12 கல்லச்சுப் படங்கள் செய்தார். கல்லச்சு என்பது வேறு முறை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பதை வைத்து வழவழப்பான கல்லின்மேல் வரைந்து அச்செடுப்பது. மனெசியே பிறந்தது 1911-ல். 1943-ல் திராப்பிஸ்டு துறவிகளின் மடத்தில் சில நாள் தங்கி, அவர்கள் இரவில் பாடும் செபத்தைக் கேட்டு விசுவாசத்துக்குத் திரும்பியவர். அந்த 12 படத்திலும் புனிதர் முகம் இல்லை, சிறைக் கம்பி இல்லை. நிறமும் கோடும்தான். குருமட நூலகத்தில் ஒரு கலைப் புத்தகத்தில் அவற்றில் சிலவற்றைப் பார்த்தேன். அன்று எனக்கு எரிச்சலாக இருந்தது. சிறையில் கிடந்தவரைக் காட்டாமல் இது என்ன விளையாட்டு என்று நினைத்தேன். உங்கள் கையெழுத்தில்லாக் கடிதத்தைப் போலவே நானும் மனத்துக்குள் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அந்த இருட்டை வெளியே நின்று பார்த்தவர் யாரும் இல்லை, ஆகவே வரைந்தால் பொய்யாகிவிடும் என்பது நான் மூன்று தகடு வீணாக்கின பிறகுதான் உறைத்தது.

இனி, படத்தில் வலது ஓரத்தில் கீழே தனியாக ஒரு கோடு கோணலாகக் கிடக்கிறதே, அதைப் பற்றி.

அறிவிப்புப் பலகையில் பிரதியைக் குத்தின மறுநாள் காலைப் பூசை முடிந்து ஒரு பாட்டி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். எண்பது தாண்டியவர். பெயர் சொல்ல வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. படத்தின்மேல் விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணிக்கொண்டிருந்தார். இது என்ன படம் என்று அவர் என்னைக் கேட்கவே இல்லை.

"நாப்பத்தாறு கெடக்கு சாமி. எங்க வூட்டுக்காரரு பேரு எங்க?" என்றார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நோட்டில் அவ்வளவுதான் பாட்டி இருக்கிறது என்றேன். இல்லை, நாற்பத்தேழு குடும்பம் என்று உபதேசியார் பூசையில் வாசித்தார் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். காணிக்கை வாங்கின வாரத்தில் அவர் கணவர் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாராம். திரும்பி வந்து வேலைக்குப் போன முதல் நாள் பேரைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். வீட்டில் தான் சண்டை போட்டதையும் சொன்னார். "மருந்துக்கு வச்சிருந்த காசு சாமி. பிள்ளைக்கு இருமல். நான் மூணு நாள் அவரோட பேசல" என்றார். மறு வருஷம் அந்த மனிதர் இறந்துவிட்டார். கல்லறையில் சிலுவை நட்டிருக்கிறார்கள். மர எழுத்து அழிந்து போயிற்று. படம் ஒன்றும் கிடையாது. பாஸ்போர்ட்டு படத்தைக் கரையான் தின்றுவிட்டதாம்.

நான் சக்ரீஸ்துக்குப் போய் நோட்டை எடுத்து வந்தேன். 46 கோடு உள்ள பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த பக்கத்தின் தலையில் ஒற்றைக் கோடு ஒன்று இருக்கிறது. நான் அதை முன்பே பார்த்திருக்கிறேன். பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்தது என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பிரியமானவர்களே, அந்த இடத்தில் நான் வெட்கப்பட்டு நின்றேன். மூன்று வாரம் அந்த நோட்டோடு வாழ்ந்தவன் நான். முகம் தெரியாதவர்களுக்கு நியாயம் செய்கிறேன் என்று என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

தகட்டில் வெட்டினதுதான் வெள்ளையாக விழும் என்று சொன்னேன் அல்லவா? ஆகவே ஒரு கோடு விட்டுப் போனால் பிறகும் வெட்டிச் சேர்க்கலாம். கூடுதலாக வெட்டியிருந்தால்தான் ஒன்றும் செய்திருக்க முடியாது. பாட்டியை அடுப்படிக்கு அழைத்துப் போய், தகட்டைச் சூடு காட்டி, உளியை அவர் கையில் கொடுத்தேன். முதலில் மறுத்தார். சாமி வெட்டினால்தான் சரியாக வரும் என்றார். பிறகு வாங்கினார். ஐம்பது வருஷம் கொழுந்து கிள்ளின விரல். நான் சொல்லிக் கொடுக்க ஒன்றும் இருக்கவில்லை. உளி பாதியில் திரும்பிவிட்டது, அவ்வளவுதான். திருத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அவர் கொஞ்சம் கோணல்தான் என்றார்.

அட்டையில் சாமி எங்கே என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லிவிட்டேனா என்று எனக்கு நிச்சயமில்லை. கடிதம் எழுதியவர் இன்னும் திருப்தியில்லை என்றால் பங்கு இல்லத்துக்கு வரட்டும், தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேசலாம்.

மலர்க் குழு சொல்லச் சொன்ன ஒரு விஷயம் பாக்கி. மொத்தம் 300 பிரதி. அந்தக் கடைசிக் கோடு விழுவதற்கு முன் தேய்த்தெடுத்தவை அவற்றில் 62. அவற்றைக் கிழித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அத்தனை பேர் கை வலிக்கத் தேய்த்தது, மனம் வரவில்லை. எல்லாம் ஒரே கட்டாகத்தான் தையலுக்குப் போகின்றன. யாருக்கு எது வரும் என்று நான் பிரித்து வைக்கவில்லை. உங்கள் கைக்கு 46 வந்தால், ஒரு கத்தரிக்கோல் முனையாலோ ஊசியாலோ அந்த இடத்தில் நீங்களே ஒரு கோடு கீறிக்கொள்ளலாம். இப்போது பின்னால் கொடியில் தொங்குகிற பிரதிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். இந்த ஈரக் காற்றில் மை இன்னும் காயவில்லை. புதன்கிழமை வரை ஆகும்.